சோப்பு விழாத ஐம்பது விரிப்புகள்

பகல் 12:20

டிகிரி என்று எல்லாரும் கூப்பிடும் பெண் போனில் பதிவைத் திறந்தாள். நாற்பத்தேழு விநாடிகள் ஓடின. படம் இல்லை, குரல் இல்லை, வெறும் கறுப்பு. இரண்டாம் மாடி வைஃபை பெட்டியில் இருந்த பிரதியைத் திறந்தாள். அதுவும் கறுப்பு. முதல் மாடியிலும் அதே.

"என்ன ஆச்சு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டையின் தங்கை.

"யாரோ அழிச்சுட்டாங்க."

தங்கை அழவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்து அந்தக் கறுப்பையும் நாற்பத்தேழு விநாடி கேட்டாள்.

அவளுடைய அண்ணனை அவர்கள் எல்லாரும் வேலை பார்த்த சலவை நிலையத்தில் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கொதிகலனில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகள் திருடு போனதாக முதலாளி புகார் கொடுத்தார். இரண்டு நாளுக்கு முன்பு விசாரிக்க வந்த போலீஸ் நெட்டையைப் பின்முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. விசாரணை முடிந்தபோது அவன் உயிரோடு இல்லை. மொட்டை மாடியிலிருந்து விழுந்தான் என்று எழுதினார்கள். அப்படி எழுத அவன் சாகும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இஸ்திரிப் பகுதி ஜன்னலிலிருந்து தங்கை எடுத்த பதிவில் அவன் தரையில் கிடந்தபடி, "எனக்கு ஒண்ணுமில்லை சார், எந்திரிச்சுடுவேன்" என்கிறான். அவனுக்கு மேலே நின்று இன்ஸ்பெக்டர், "மாடியிலேர்ந்து விழுந்தான்னு எழுதிக்கய்யா" என்கிறார்.

இன்று மூன்று மணிக்கு நீதிபதி விசாரணைக்கு வருகிறார். அவரிடம் காட்ட அந்தப் பதிவைத் தவிர வேறு எதுவும் தங்கையிடம் இல்லை. பதிவு இல்லையென்றால் அவள் கொடுத்தது பொய்ப் புகார். பொய்ப் புகாருக்கு என்ன தண்டனை என்று இன்ஸ்பெக்டர் நேற்றே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

நெட்டை செத்த அன்று சாயங்காலமே தங்கையின் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். வாசலில் காவல் போட்டார்கள். அனுமதியோடு வெளியே போனாலும் போனை வாங்கி அதில் இருப்பதையெல்லாம் அழித்துக் கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் செல்போன் சிக்னலையும் நிறுத்தினார்கள். கீழே சலவைக் கூடம், மேலே மூன்று மாடி அறைகள், அறுபது பேர். எல்லாரும் உள்ளே. வாசலுக்கு வெளியே தெருக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள்.

ஆனால் போனைப் பிடுங்குவதற்கு முன்பே பதிவு பெட்டிகளுக்குப் போய்விட்டது.

அந்தப் பெட்டிகள் டிகிரியின் வேலை. எலக்ட்ரானிக்ஸ் படித்து, முதல் வகுப்பில் தேறி, நாற்பத்தொரு நேர்காணலுக்குப் போய், கடைசியில் தலையணை உறை மடிக்க வந்தவள். அதனால்தான் அந்தப் பெயர். கேலியாக வைத்தார்கள், அவளும் மாற்றச் சொல்லவில்லை. கழித்துப்போட்ட வைஃபை பெட்டிகளைப் பொறுக்கி, பழைய பேட்டரி கட்டி, மாடிக்கு ஒன்றாக மாட்டியிருந்தாள். ஒரு பெட்டி கேட்டதை அடுத்த பெட்டிக்குச் சொல்லும். அது அதற்கடுத்ததற்குச் சொல்லும். கம்பெனி வேண்டாம், கோபுரம் வேண்டாம், யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டாம். தெருவிலும் சில வீட்டு மாடிகளில் மாட்டிக் கொடுத்திருந்தாள். ஆனால் இந்தக் கட்டடத்தைத் தெருவோடு இணைத்த மொட்டை மாடிப் பெட்டியைப் போலீஸ் முதல் நாளே, பதிவு தெருவுக்குப் போகும் முன்பே, பிடுங்கிவிட்டது. அதோடு கட்டடம் தனித் தீவு.

பெட்டிகளைப் பயன்படுத்த எல்லாருக்கும் தெரியும். தினமும் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை ஒருவர் பேசி 'தண்ணி' என்ற பெயரில் அனுப்புவார். புதியது வந்ததும் அதே பெயரில் இருந்த பழையது எல்லாப் பெட்டியிலும் தானாக அழிந்துவிடும்.

அதே வழியில்தான் இதையும் அழித்திருக்கிறார்கள். நெட்டையின் பதிவுக்கு 'உறை நாற்பத்தேழு' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரோ அதே பெயரில் ஒரு கறுப்புப் பதிவை அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றை அழித்தாலும் மற்றது காப்பாற்றும் என்று கட்டிய வலை, தானே முன்னின்று எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

பகல் 12:35

"பேர் யாருக்குத் தெரியும்?"

கேட்டது கறையக்கா. வயது நாற்பதுக்குள். கூடத்தில் அவளுடைய வேலை கறை பார்ப்பது. துவைத்து வந்த விரிப்பைக் கையில் வாங்கினால் இது ரத்தம், இது அயோடின், இது மருந்து, இது நேற்றுப் பட்டது, இது போன வாரத்தது என்று சொல்வாள். புருஷன் சட்டையில் பட்ட கறையை வைத்தே அவனை வீட்டைவிட்டு அனுப்பியவள் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டாள்.

காலையிலிருந்தே அவள் கோபமாக இருந்தாள். எட்டே முக்காலுக்குப் போட்ட ஆஸ்பத்திரி லோடு, ஐம்பது விரிப்பு, கறை அப்படியே இருக்க வெளியே வந்திருந்தது. "துவைச்சீங்களா, இல்ல தண்ணி காட்டி எடுத்தீங்களா?" என்று சலவைக்காரர்களிடம் சண்டை போட்டாள். அவர்கள் மெஷின் வழக்கம்போலத்தான் ஓடியது என்று சத்தியம் செய்தார்கள். திரும்பப் போடுவதற்குள் போலீஸ் மின்சாரத்தை வெட்டிவிட்டது. உலர்த்தும் மெஷின் ஓடவில்லை. ஐம்பதையும் ஈரத்தோடு கூடத்துக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கவிட்டார்கள். ஒன்பதேகாலுக்குப் போலீஸ் கூடத்தைப் பூட்டியது.

"பேர் எனக்கும் டிகிரிக்கும் மட்டுந்தான் தெரியும்க்கா" என்றாள் தங்கை.

கதவருகே நின்ற மேஸ்திரி உடனே பிடித்துக்கொண்டார். முதலாளியின் ஆள். கூடத்துச் சோப்பிலிருந்து ஆள் கணக்கு வரை எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுபவர்.

"அப்புறம் என்ன விசாரணை? சொந்த அண்ணன் பதிவைத் தங்கச்சி அழிக்கமாட்டா. மிச்சம் யாரு? படிச்ச புள்ள. போலீஸ் ஒரு வேலை வாங்கித் தர்றேன்னிருப்பான்."

"வேலை வாங்கித் தர்றேன்னா உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டிருப்பாங்க, மேஸ்திரி" என்றாள் டிகிரி. "உங்களுக்குத்தான் சலாம் போட்ட அனுபவம் இருக்கு."

"பாத்தியா வாயை."

"வாய் இருக்கிறதாலதான் மடிக்கிற வேலையில இருக்கேன்."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் கறையக்கா. "டிகிரி, அந்தக் கறுப்பு எப்ப வந்துச்சு?"

"இரண்டாம் மாடிப் பெட்டிக்கு 10:40. மேலயும் கீழயும் 10:41."

"அப்ப அனுப்பினவங்க இரண்டாம் மாடியில இருந்திருக்காங்க."

"இரண்டாம் மாடியிலதான் தண்ணிக் குழாய் இருக்கு" என்றார் மேஸ்திரி. "பத்தரைக்குத் தண்ணி வந்துச்சு. அறுபது பேரும் குடத்தோட அங்கதான் நின்னோம். நானும் நின்னேன், நீயும் நின்ன."

உண்மைதான்.

"கூடத்துல ஒரு பெட்டி இருந்துச்சே. அது?"

டிகிரி உதட்டைப் பிதுக்கினாள். "அதைத்தான் காலைல தூக்கிட்டாங்களே."

"நான் பாத்தேன்" என்றார் மேஸ்திரி. "எட்டரைக்கு எல்லாரையும் தலை எண்ணணும்னு முற்றத்துல நிறுத்தினாங்கள்ல, அப்ப லோடு ஏத்துற கதவு வழியா ரெண்டு போலீஸ் உள்ள போனான். வைஃபை பெட்டி எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, தேடவே இல்ல. ரெண்டு நிமிஷத்துல சாக்குல போட்டு ஜீப்புல வெச்சுட்டான்."

"மணி?"

"எட்டு முப்பத்தஞ்சு இருக்கும்."

டிகிரி போனைப் பார்த்தாள். "கூடத்துப் பெட்டி கடைசியா மத்த பெட்டிங்ககூடப் பேசினது 9:12. ஜீப் வாசல்ல நின்ன வரைக்கும் பேட்டரில பேசியிருக்கும். ஒன்பது பத்துக்கு ஜீப் கிளம்பிடுச்சு. கணக்கு சரியா இருக்கு."

கறையக்கா தலையாட்டினாள். சரியாக இருக்கும் கணக்கு அவளுக்கு எப்போதுமே பிடிக்காது.

பகல் 12:50

டிரைவர் தட்டில் சோறு எடுத்துக்கொண்டு வந்தான். தங்கையின் புருஷன். சலவை வேனில் ஆஸ்பத்திரி அழுக்குத் துணியைக் கொண்டுவந்து, துவைத்ததை ஏற்றிப் போவது அவன் வேலை. துணி இல்லாமல் ஆஸ்பத்திரி ஓடாது என்பதால் இந்தக் கட்டடத்திலிருந்து தினம் ஒருமுறை வெளியே போக அனுமதி இருந்த ஒரே ஆள்.

"ரெண்டு நாளா பச்சைத் தண்ணியில இருக்கா" என்றான் கறையக்காவிடம். "நீங்களாவது சொல்லுங்கக்கா. ரெண்டு வாய்."

"வைங்க, சாப்பிடுவா. நீங்க காலைல எங்க இருந்தீங்க?"

"எட்டரைக்கு எல்லாரோடயும் முற்றத்துல. அப்புறம் முற்றத்துலயே வேனைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். பத்தரைக்குக் குடம் எடுத்துட்டு வரிசையில. ஏன், என்னையும் கேக்கணுமா?"

"என்னையே கேட்டுக்கிட்டேன். உங்களை விடுவேனா."

அவன் சிரித்தான். தங்கை ஒரு வாய் உருட்டி வைத்துக்கொண்டு மெல்லாமல் இருந்தாள்.

"கடைசியா எப்ப அந்தப் பதிவு நல்லா இருந்துச்சு?" என்று அவளைக் கேட்டாள் கறையக்கா.

"நேத்து சாயந்திரம் கேட்டேன். தினமும் ஒரு தடவை கேப்பேன். அவன் குரல் மறந்துடக்கூடாதுல்ல."

"டிரைவர், இதை வேன்ல வெளிய கொண்டுபோக நெனச்சீங்களே, என்னாச்சு?"

"வேண்டாம்னு நான்தான் சொன்னேன்" என்றாள் தங்கை. "அவரையும் பிடிச்சுட்டா நான் யாரோட இருப்பேன்?"

டிரைவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பகல் 1:05

கறையக்கா கீழே இறங்கினாள். படியின் திருப்பம் ஒவ்வொன்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலை இல்லை, மின்விசிறி இல்லை, வெளியே போக வழி இல்லை. ஒருவர் பேசினால் இன்னொருவருக்கு எரிச்சல் வந்தது. நேற்றுவரை தங்கைக்காக உயிரைக் கொடுப்பதாகச் சொன்னவர்கள் இன்று, "முதல்ல அந்தப் பதிவைக் குடுத்துத் தொலைச்சிருந்தா நம்மளை விட்டிருப்பானுங்க" என்று காதுபட முணுமுணுத்தார்கள். மனிதரைக் கெடுக்கப் போலீஸ் அடிக்கவே வேண்டாம். இரண்டு நாள் பூட்டி வைத்தால் போதும்.

பூட்டிய கூடத்தின் கம்பி ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஐம்பது விரிப்புகள் வரிசையாக, சுவர்போல. ஜன்னல் பக்கத்து விரிப்புகளின் ஓரம் காய்ந்து வெளுத்துவிட்டது. நடுவில் இன்னும் ஈரம். அவற்றின் மேல் பழுப்பும் சிவப்புமாகக் கறைகள். எட்டி, இடப்பக்கம் லோடு ஏற்றும் கதவைப் பார்த்தாள். அங்கே தரையில் மஞ்சள் கோடு. அழுக்குத் துணி தொட்ட கை அந்தக் கோட்டைத் தாண்டிச் சுத்தமான துணிப் பக்கம் வரக்கூடாது என்பது சட்டம். கோட்டுக்கு நேர் எதிர்ச் சுவரில் இரண்டு ரப்பர் குழாய்கள் வாயைப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே தரையில் நீலத் திட்டு.

அவள் அப்படியே நின்றாள். பிறகு ஓடினாள். கறையக்கா ஓடி அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

பகல் 1:15

"டிகிரி, ஈரத் துணி தொங்கினா உன் பெட்டிக்குக் காது கேக்காதுன்னு ஒருதடவை சண்டை போட்டியே."

"ஆமா. தண்ணி சிக்னலைக் குடிச்சுடும். அதனாலதான் கூடத்துப் பெட்டியைச் செவிடுன்னு சொல்லுவேன். ஏன்?"

"காலைல விரிப்பைத் தொங்கவிட்டு முடிச்சது எத்தனை மணிக்கு தெரியுமா? ஒன்பது பன்னெண்டு."

டிகிரி போனில் மறுபடி அந்த நேரத்தைப் பார்த்தாள்.

"ஐம்பது விரிப்புலயும் கறை போகலை. ஏன்னா சோப்பு விழலை. ஏன் விழலை? சோப்பு ஊத்துற பெட்டி சுவத்துல இல்ல. வெறும் குழாய்தான் தொங்குது. தலை எண்ணின பரபரப்புல யாரும் அந்தச் சுவத்தைப் பாக்கலை. போலீஸ் சாக்குல போட்டது உன் பெட்டியை இல்லடி. சோப்பு அளக்குற பெட்டியை."

டிகிரி சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அப்ப என் பெட்டி உள்ளதான் இருக்கு. தூணுக்குப் பின்னால. 9:12க்குச் செவிடாச்சு. 10:41க்கு வந்த கறுப்பு அதுக்குக் கேக்கவே இல்ல."

"விரிப்பு காஞ்சா?"

"கேட்டுடும். கேட்ட நிமிஷமே அதுவும் அழிச்சுடும்." அவள் எழுந்துவிட்டாள். "முதல் மாடிப் பெட்டியை மட்டும் நிறுத்தினாப் போதாது. எல்லாத்தையும் நிறுத்தறேன்."

"நிறுத்து. ஆனா அழிச்சவங்க போன் எவங்ககிட்டயோ இருக்குல்ல? அந்தக் கறுப்பு அதுலயும் இருக்கும். அவங்க கூடத்துப் பக்கம் நடந்து போனா?"

"அது போதும், அழிஞ்சுடும்" என்றாள் டிகிரி. குரல் இறங்கிவிட்டது.

பகல் 1:25

கூடத்து வாசலில் ஒரு பெண் காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சாவி மேஸ்திரியிடம்.

"திறக்க முடியாது" என்றார் மேஸ்திரி. "ஆர்டர்."

"சரி, திறக்காதீங்க" என்றாள் கறையக்கா. "உள்ள ஐம்பது விரிப்பு ரத்தக் கறையோட காயுது. காஞ்ச ரத்தம் அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது. எல்லாத்தையும் கிழிச்சு வீசணும். ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி எழுதும்போது யார் ஆர்டர்னு எழுதறது? உங்க பேரா, அந்தம்மா பேரா?"

பெண் காவலர் நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"தண்ணி தெளிக்கணும். ஈரமா வெச்சுக்கணும். அதிலயே ரொம்ப மோசமானதைத் தொற்றுத் துணின்னு சிவப்புப் பையில கட்டி, ரெண்டே முக்கால் வேன்ல திருப்பி அனுப்பணும். நீங்களும் உள்ள வாங்க, கூட நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு, கைய எதுலயும் வைக்காதீங்க. காசநோய் வார்டு துணி."

மேஸ்திரி பூட்டைத் திறந்தார். காவலர் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டாள். வாசலைத் தாண்டி வரவில்லை.

கறையக்கா ஒவ்வொரு வாளியாக அள்ளி ஊற்றினாள். காய்ந்த ஓரங்கள் மறுபடி கறுத்து நனைந்தன. நான்காவது வரிசையைத் தாண்டியதும் தூண். தூணுக்குப் பின்னால் உள்ளங்கையளவு சாம்பல் நிறப் பெட்டி, மேலே எலி வாலாய் ஒரு ஆண்டெனா. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் சொட்டச் சொட்ட ஒரு விரிப்பைப் போட்டு, சுற்றி, இன்னொன்றைச் சுற்றி, சிவப்புப் பைக்குள் இறக்கினாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் காவலர் வெளியிலிருந்து.

"முடிஞ்சுது. வாங்க, ஒருதடவை பாத்துடுங்க." பையின் வாயை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"சீ, கொண்டு போங்க."

பகல் 2:05

இரண்டாம் மாடியில், தங்கையின் அறை. டிகிரி ஈர விரிப்புக்குள்ளேயே கையை விட்டு ஆண்டெனாவைக் கழற்றினாள். பெட்டியிலிருந்து ஒரு வயரைத் தன் போனில் செருகினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லை சார், எந்திரிச்சுடுவேன்."

தங்கை தரையில் உட்கார்ந்து போனில் காதை வைத்தாள்.

கறையக்கா கதவைச் சாத்தினாள். உள்ளே நான்கு பேர்தான். தங்கை, டிகிரி, டிரைவர், அவள்.

"இது கிடைச்சுடுச்சு. இனி யார் பண்ணாங்கன்னு சொல்லணும். வெளிய போய்ச் சொல்ல எனக்கு இஷ்டமில்ல. இங்கயே சொல்லிடறேன்" என்றாள். "கூடத்துப் பெட்டி இருக்கிற விஷயம் போலீசுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. அதை மட்டும் ஏன் தூக்கச் சொல்லணும்? மத்த மூணையும் ஏன் விட்டாங்க? ஏன்னா, கறுப்பை அனுப்பினா மத்த மூணும் அழிஞ்சுடும்னு சொன்னவருக்குத் தெரியும். செவிட்டுப் பெட்டி தப்பிச்சுடும்னும் தெரியும். சரி. இது பாதி."

டிகிரி போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மறுபாதி. அவர் காட்டின அடையாளத்துல போலீஸ் தேடாம நேராப் போய் சோப்புப் பெட்டியைப் புடுங்கியிருக்கான். கூடத்துல வேலை பாக்குற எவனும் சோப்புப் பெட்டியை வலைப் பெட்டின்னு நினைக்கமாட்டான். மேஸ்திரி வாராவாரம் அதுக்குச் சோப்பு ஊத்தி கையெழுத்துப் போடறாரு. இவ இஸ்திரி மேஜை அதுக்குப் பக்கத்துல. டிகிரிதான் தூணுக்குப் பின்னால அந்தப் பெட்டியை மாட்டினதே. கூடத்துக்குள்ள ஒரு பெட்டி இருக்குன்னு கேள்விப்பட்டு, ஆனா உள்ள காலே வைக்காத ஆள் யாரு? மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னு தினமும் எட்டிப் பாக்கிற ஆள். அங்கேயிருந்து பாத்தா தூணுக்குப் பின்னால இருக்கறது தெரியாது. நேர் எதிர்ல பச்சை விளக்கு எரியற பெட்டி ஒண்ணுதான் தெரியும்."

டிரைவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேர் எங்க ரெண்டு பேருக்குந்தானேக்கா தெரியும்" என்றாள் தங்கை. மெதுவாகச் சொன்னாள், ஏற்கெனவே பதில் தெரிந்தவளைப்போல.

"உன் போனைப் பிடுங்கி ரெண்டு நாளாச்சு. நேத்து சாயந்திரம் எதுல கேட்ட?"

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"உங்க போன்ல."

அவன் போனை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னான். "நேத்து ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சு இன்ஸ்பெக்டர் பிடிச்சாரு. பதிவு இருந்தா மூணு மணிக்கு நீதிபதி கேப்பாரு, நாலு மணிக்குப் போயிடுவாரு, அஞ்சு மணிக்கு உன் பொண்டாட்டி எங்கூடத்தான் இருப்பான்னாரு. பதிவு இல்லைன்னா பொய்ப் புகார் கேஸ்கூடப் போடமாட்டேன்னாரு. போனவன் போயிட்டான். நான் உன்னைக் காப்பாத்தத்தான்..."

"காப்பாத்தறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா நீ ஒத்துக்கமாட்ட."

"அப்ப தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க."

டிகிரி அவன் முன்னால் வந்து நின்றாள். "உங்களால மதியத்துலேர்ந்து என்னைக் காட்டிக்கொடுத்தவளாப் பாத்தாங்க. நீங்களும் எதுவும் தெரியாத மாதிரி வேடிக்கை பாத்தீங்க" என்றாள். "தட்டுல சோத்தோட."

பகல் 2:25

நீதிபதியிடம் காட்டப் பதிவு தயார். ஆனால் நீதிபதி அதைக் கேட்ட பிறகு என்ன ஆகும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். சாட்சியத்தை உறையில் போட்டு முத்திரை வைத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். கொடுக்கும் இடம் காவல் நிலையம். வேலியிடமே பயிரை ஒப்படைப்பது இந்த நாட்டில் நடைமுறை.

"வெளிய போகணும்" என்றாள் டிகிரி. "சந்தைத் தெருவுல பதினொரு வீட்டு மாடியில என் பெட்டி இருக்கு. இந்தப் பெட்டியை ஈரத்துலேர்ந்து வெளிய எடுத்து வெச்சு, ஆண்டெனாவோட அந்தத் தெருவுல மெதுவா ஒருதடவை போனாப் போதும். யாரும் எதையும் தொட வேண்டாம். அது சொல்லும், அதுங்க கேட்டுக்கும். புதுப் பேர்ல மாத்திட்டேன், அந்தக் கறுப்பால ஒண்ணும் பண்ணமுடியாது."

"வெளிய போறது ஒரே வண்டிதான்" என்றாள் கறையக்கா.

எல்லாரும் டிரைவரைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். அவனைப் பிடித்து வைத்தால் பதிவும் உள்ளேயே கிடக்கும். அவனை நம்பினால், வாசலிலேயே அந்தப் பையை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்துவிட அவனுக்கு ஒரு நொடி போதும். ஸ்டேஷன் ரோட்டில்தான் போக வேண்டும் என்பது அவனுக்குப் போலீஸ் போட்ட உத்தரவு. சந்தைத் தெருவில் திரும்பினால் அவன் மாட்டுவான்.

"நீ சொல்லு" என்றாள் கறையக்கா தங்கையிடம். "இது உன் அண்ணன், உன் புருஷன். நான் கறை எங்க இருக்குன்னுதான் சொல்லுவேன். துவைக்கறது என் வேலை இல்ல."

தங்கை எழுந்தாள். டிகிரி ஆண்டெனாவை மறுபடி மாட்டிக் கொடுத்த பெட்டியைக் காய்ந்த துணியில் சுற்றினாள். சிவப்புப் பையின் நடுவில் வைத்து, மேலே கறைபட்ட விரிப்புகளை அடுக்கினாள். ஒரு சுருக்கம் இல்லாமல், இஸ்திரி போடுகிறவள் அடுக்குவதுபோல. பையை இழுத்துக்கட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"உங்களை நான் மன்னிக்கலை" என்றாள். "எனக்கு வேற வண்டி இல்ல."

பகல் 2:45

வாசலில் வேனை நிறுத்திச் சோதித்தார்கள். சிவப்புப் பையைப் பார்த்ததும் ஒரு காவலர் லத்தியால் தள்ளிவிட்டார். இன்ஸ்பெக்டர் குனிந்து ஓட்டுநர் ஜன்னலில் ஏதோ கேட்டார். டிரைவர் ஏதோ சொன்னான். இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டினார். வேன் போயிற்று. மாடி ஜன்னலில் இருந்த மூன்று பெண்களுக்கும் அந்தத் தோள்தட்டல்தான் தெரிந்தது.

பகல் 3:10

விசாரணை மேஸ்திரியின் அறையில். நீதிபதி வயதானவர், நல்லவர், களைத்தவர். நாற்பத்தேழு விநாடியையும் கேட்டார். இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்தது. அரை நிமிடந்தான். "ஜோடிச்சதா இருக்கலாம், ஐயா. ஆய்வுக்கு அனுப்பணும்" என்றார்.

நீதிபதி யோசித்தார். டிகிரியின் போனை உறையில் போட்டு, அரக்கு வைத்து, பத்திரமாகப் பாதுகாக்கும்படி இன்ஸ்பெக்டரிடமே நீட்டினார். அவரும் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

டிகிரி ஏதோ கத்த வாயெடுத்தாள். கறையக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பகல் 3:38

முதலில் அது வெளியே யாரோ பேசும் சத்தம் என்றுதான் நினைத்தார்கள். வாசலுக்கு வெளியே இரண்டு நாளாக நின்றிருந்த கூட்டத்தில் ஒருவர் கையில் போன். பிறகு இன்னொருவர். ஒரே குரல், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், நாலைந்து இடத்திலிருந்து.

"எனக்கு ஒண்ணுமில்லை சார், எந்திரிச்சுடுவேன்."

இன்ஸ்பெக்டரின் கையில் அரக்கு வைத்த உறை இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்றவரிடம் தாழ்ந்த குரலில், "வேன் எங்கய்யா?" என்றார்.

அந்தக் கேள்வி தங்கைக்குக் கேட்டுவிட்டது.

வெளியே கூட்டம் வாசலைப் பிடித்து உலுக்க ஆரம்பித்திருந்தது. மாடிப்படி முழுக்க ஆட்கள் இறங்கும் சத்தம். டிகிரி அழுதுகொண்டே சிரித்தாள். தங்கை எதிலும் கலந்துகொள்ளவில்லை. நேரே நீதிபதியின் மேஜைக்கு வந்து நின்றாள்.

"ஐயா, இன்னொண்ணு எழுதணும்."

"விசாரணை முடிஞ்சுதும்மா."

"என் புருஷன் சலவை வேன் ஓட்டறவரு. ரெண்டே முக்காலுக்கு இந்த வாசலைத் தாண்டிப் போனாரு. அவர் உடம்புல ஒரு கீறல் இல்ல. காய்ச்சல் இல்ல, குடிக்கலை. தானா விழறவரும் இல்ல. நான் பாத்தேன், இந்த இன்ஸ்பெக்டர் ஐயாவும் பாத்தாரு, தோளைத் தட்டி அனுப்பினாரு. நேரத்தோட எழுதுங்க."

நீதிபதி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். தங்கை கையை நீட்டி அதை எடுத்தாள். மூடியைக் கழற்றி, அவர் முன்னால் வைத்தாள்.